மிதி

கொட்டடியில் பாதிக் கதவு போட்ட ஒரு றெக்கோடிங் பார்.
தொண்ணூற்றொன்று, ஆவணி, இரவு ஒன்பதரை.
கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்த பொருள்.
ஸ்ராண்டில் ஏற்றிய றலிச் சைக்கிளில்
நான் இருந்தேன்.
பின் சில்லில் டைனமோ,
டைனமோவிலிருந்து வயர்,
வயரின் மறுமுனையில் யேசுறஞ்சன்,
இரண்டு காதையும் றேடியோவுக்குக் கொடுத்தபடி.

கூலி அரைக் கட்டி சன்லைட்.
அதற்காகத்தான் போனேன்.

சிற்றலையில் லண்டன் வந்து வந்து போனது.
இருபது வருஷத்துக்கு முந்திய கச்சேரி ஒன்றைத்
திரும்பப் போட்டார்கள்.
அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொன்ன நேரம்
ஹெலி ஒன்று தாழ்ந்து போனது.
ஆகவே கசற்றின் முதுகில் அவர் எழுதியது:
'இங்கிலீஸ், கிற்றார். அழிக்கவேண்டாம்.'

எனக்கு அந்தக் கிற்றார் பிடிக்கவில்லை.
பல்லுக்கொதிக்காரன் நாக்கால் தேடுவதுபோல
ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு அழுதது.
பாடியவன் எதை இழந்தான் என்று விளங்கவில்லை.
ரெயில் என்ற சொல் மட்டும் இரண்டுதரம் பிடிபட்டது.
எங்கள் ரெயில் நின்று ஒரு வருஷம்.
எங்களுக்கு அதைப் பாடத் தோன்றவில்லை,
தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்குப் போட்டோம்.

இந்த மாசியில் லண்டனிலிருந்து மின்னஞ்சல்.
யேசுறஞ்சனின் மருமகன் பெட்டியோடு கொண்டுபோன கசற்றுகளில்
இது ஒன்றுதான் உலகத்தில் மிச்சமாம்.
மூல நாடாவை அங்கேயே அழித்து
அதன்மேல் வேறெதையோ எடுத்துவிட்டார்களாம்,
செலவு மிச்சம்பிடிக்க.
வாசித்துவிட்டு முதல்முறையாக
அந்த நாட்டுக்காரர்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது.
நாங்களும் ஒரு கலியாண வீட்டு நாதஸ்வரத்தின்மேல்தான்
அதை எடுத்தோம்.

துப்புரவாக்குவதற்கு முன் சில கேள்விகள், என்று எழுதியிருந்தார்
ஒலி திருத்துகிற பெண்.

இரண்டாம் நிமிஷத்திலிருந்து கேட்கும் 'டிக்' எது?
செயினில் ஒரு கண்ணி சரியில்லை.

யாரோ இடையிடையே 'மிடி' என்கிறாரே,
அந்தக் கருவி அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்ததா?
மிதி, அம்மா. மிதி என்றார்.
மிடி என்றாலும் பிழையில்லை,
அதுவும் அன்றைக்கு நிறைய இருந்தது.

ஒன்பதாம் நிமிஷத்தில் முழுக் குழுவும்
அரைச் சுரம் மேலே ஏறுகிறதே,
வேறெந்தக் கச்சேரியிலும் அவர்கள் இப்படி ஏறவில்லை,
ஆராய்ச்சிக்காரர் இருவர் இதைப்பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள்?

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தேன்.
எனக்குக் கெண்டைக்கால் பிடித்த இடம் அது.
மிதி குறைய நாடா மெதுவாக ஓடியது.
மெதுவாக எடுத்ததை ஒழுங்கான வேகத்தில் போட்டால்
சுருதி உயரும்.
நான் களைத்த இடத்தில்
அவர்கள் பறக்கிறார்கள், அவ்வளவுதான்.

யேசுறஞ்சனுக்கு அடித்துக் கேட்டேன், ஸ்காபரோவுக்கு.
"எந்தக் கசற்? நானப்ப படப் பாட்டெல்லோ எடுத்தனான்" என்றார்.
சன்லைட்டும் ஞாபகம் இல்லை.
தன் குரலைப் போட்டுக் காட்டியபிறகு
கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு
அங்கே பனி கொட்டுகிறது என்றார்.

அனுமதிப் படிவத்தில் வாத்தியக்காரர் ஐந்துபேர்,
ஒலிப்பதிவு யேசுறஞ்சன்.
கீழே ஒரு கோடு காலியாய்க் கிடந்தது.
'மின்சாரம்: பெ. நிர்மலாதேவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

துப்புரவாக்கியது நேற்று வந்தது.
மகன் ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டான்.
செயின் இல்லை. ஹெலி இல்லை. மிதி இல்லை.
ஒன்பதாம் நிமிஷத்தில் ஒருவரும் ஏறவில்லை,
எல்லோரும் தங்கள் தங்கள் இடத்தில்.
கிற்றார் இப்போது கொஞ்சம் பிடித்திருக்கிறது,
அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பதினோராம் நிமிஷம்,
பாட்டு இறங்கிவரும் நேரம், ஆழத்தில் ஒரு அடி.
தாளத்துக்குச் சரியாக விழுகிறது.
அதை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.
டிறம் என்று நினைத்திருப்பார்கள்.

அது நாவாந்துறைப் பக்கம்.
நான் எழுதித் திருத்தவில்லை.